ஏழுகுண்டையின் காலிக் கட்டம்

பள்ளிப்பட்டிலிருந்து ஆந்திர எல்லைப் பக்கமாகப் போனால் ஏழுகுண்டை என்று ஓர் ஊர் வரும், ஏழு குளங்கள் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஊர், இப்போது எண்ணினால் நான்குதான் தேறும், மேற்குத் தெருவில் தமிழ் பேசுவார்கள், கிழக்குத் தெருவில் தெலுங்கு பேசுவார்கள், நடுவிலிருக்கும் பஸ் நிறுத்தத்தில் இரண்டையும் கலந்து சண்டை போடுவார்கள், அந்த நிறுத்தத்துக்கு நேர் எதிரே வனஜாட்சி டி.டி.பி. கடை வைத்திருந்தாள். ஊருக்கு வேண்டிய கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பால் சொசைட்டி அட்டை, பள்ளிக்கூட நோட்டு லேபிள் எல்லாம் அவள் கையால்தான் வெளியே போகும். இருபது வருஷத்தில் ஓர் எழுத்துப் பிழை அவள் கடை வாசலைத் தாண்டியதில்லை. நாற்பத்தொரு வயது. இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்து, அவர்களுக்குப் பத்திரிகை அடித்துக் கல்யாணம் பண்ணி அனுப்பிய பிறகு, தனக்கென்று ஒரு பத்திரிகை அடிக்க அவளுக்கு நேரமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

ஊர்ச் சண்டைக்கு ஊர்ப் பெயரே காரணம். பஸ் நிறுத்தப் பலகையில் தமிழில் ஏழுகுண்டை, கீழே தெலுங்கில் ஏடுகுண்ட. தெலுங்கில் ஏடு என்றால் ஏழு, ஆனால் அழு என்றும் அர்த்தம். மேற்குத் தெரு டெய்லர் வேதாசலம் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிற கிழக்குத் தெருக்காரர்களைப் பார்த்து, “பாத்தியா, உங்க போர்டு சொல்லுது, அழுன்னு. அழுதுட்டுப் போங்க” என்பார். இதைக் கேட்டுக் கேட்டு வார்டு மெம்பர் சௌந்தர்ராஜுலு நாயுடுவுக்குச் சர்க்கரை ஏறியதாக அவர் மனைவி சக்குபாயம்மா சொல்லுவாள்.

அந்த வருஷம் கோடையில் பெரிய குளம் வற்றியபோது மதகுப் பக்கம் ஒரு கல் தெரிந்தது, கல்லில் பழைய தெலுங்கு தெரிந்தது. தலைமை ஆசிரியை ஃபிலோமினா அதைப் போட்டோ எடுத்து, திருப்பதியில் கல்வெட்டு படிக்கும் ஒரு பெரியவருக்கு அனுப்பினாள். பதில் வந்த அன்று நாயுடு செருப்பைக்கூடக் கழற்றாமல் வனஜாட்சியின் கடைக்குள் வந்தார்.

“வனஜா, எங்க தெலுங்குலயும் ழ இருந்துச்சும்மா! எந்தக் காலத்துலயோ இருந்து, அப்புறம் புழக்கத்துல இல்லாமப் போச்சாம். கல்லுல ஏழுகுண்டன்னே வெட்டியிருக்கான். டு இல்ல, ழு! இனிமே எந்த டெய்லரும் எங்களை அழச் சொல்ல முடியாது. புதுப் போர்டு அடி. பஸ்ஸுக்கு, சொசைட்டிக்கு, என் விசிட்டிங் கார்டுக்கு, எல்லாத்துக்கும் அடி.”

திருப்பதிப் பெரியவரின் மெயிலை டீச்சர் கடைக்கு அனுப்பியிருந்தாள், வனஜாட்சி அதைத் திறந்தாள். ஊர்ப் பெயர் தெலுங்கில் அழகாக ஆரம்பித்து, நடுவில் ஒரு காலிக் கட்டமாக நின்று, மறுபடி அழகாக முடிந்தது.

“நடுவுல கட்டம்தான் வருது நாயுடுகாரு.”

“ஏன் வருது?”

மெயிலிலேயே எழுதியிருந்தது, அவள் படித்துச் சொன்னாள். கம்ப்யூட்டருக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நம்பர் உண்டு, உலகத்து எழுத்துக்கெல்லாம் நம்பர் கொடுக்க ஒரு குழு இருக்கிறது, இந்த எழுத்துக்கும் கேட்டிருக்கிறார்கள், சைபர் சி முப்பத்தி நாலு என்று இடம்கூட ஒதுக்கியாகிவிட்டது, முறைப்படி அறிவித்து, எழுத்துருவும் வந்து சேரும்வரை அந்த இடத்தில் வெறும் கட்டம்தான் தெரியும்.

“இடம் போட்டாச்சு இல்ல? அப்போ ஆள் வந்து உட்காந்துக்குவான்,” என்றார் நாயுடு. “நீ கட்டத்தோடயே அடி. டு மட்டும் வேண்டாம்.”

தெரிந்தே ஒரு குறையை அச்சடிப்பது வனஜாட்சிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அடித்தாள்.

பலகை மாட்டிய மூன்றாம் நாள், பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மாள் கை வலித்து, வெற்றிலைப் பையை அந்தக் கட்டத்தில் வைத்தாள். பை உள்ளே போய் உட்கார்ந்தது. ஒரு சாண் அகலம், இரண்டு சாண் ஆழம், உட்புறம் வழவழவென்று, புது அலமாரி போல. அவள் வெற்றிலை போட்டுக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். போர்டில் பை வைக்க இடம் விட்டிருக்கிறார்கள், நல்ல யோசனை என்று பஸ்ஸில் நாலு பேரிடம் சொன்னாள், அவ்வளவுதான்.

அடுத்த வாரத்துக்குள் இன்னொன்றும் தெரிந்துபோயிற்று. எல்லாக் கட்டமும் ஒரே கட்டம். காணாமல் போயிருப்பது ஒரே எழுத்து என்பதால் அது விட்டுப்போன இடமும் ஒன்றாகத்தானே இருக்க முடியும் என்று ஃபிலோமினா டீச்சர் விளக்கினாள், ஊரும் ஒத்துக்கொண்டது. பஸ் நிறுத்தப் பலகையில் வைத்த சாவியைப் பால் சொசைட்டியில் எடுக்கலாம். பெரிய பலகைக் கட்டத்தில் கை நுழையும், விசிட்டிங் கார்டுக் கட்டத்தில் விரல் நுழையும், நோட்டு லேபிள் கட்டத்தில் கிராம்பும் மாத்திரையும்தான் நுழையும், ஆனால் உள்ளே எல்லாம் ஒரே அறை. சக்குபாயம்மா வீட்டிலிருந்தபடியே சர்க்கரை மாத்திரையை ஒரு பழைய கார்டின் கட்டத்தில் தள்ளினால், பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்திருக்கும் நாயுடு சட்டைப் பையிலிருந்து தன் கார்டை எடுத்து, சுண்டுவிரலால் மாத்திரையை நோண்டி வாயில் போட்டுக்கொள்வார். கல்யாணப் பத்திரிகைக் கட்டத்தில் கற்கண்டு இருக்கும் என்று கேள்விப்பட்டு, ஏழுகுண்டைக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்க்காரர்கள்கூட, “ஏழுகுண்டை வழி” என்று ஓர் ஓரத்தில் போட்டுக் கொடுங்கள் அக்கா என்று வனஜாட்சியிடம் வரிசையில் நின்றார்கள்.

பொதுவான இடம் என்றால் பொதுவான விதிகளும் வேண்டுமே. யாரோ ஈர நெத்திலியை வைத்துவிட்டு மறந்துபோக, ஊரின் சாவி, மாத்திரை, சாக்பீஸ் எல்லாம் இரண்டு நாள் மணத்த பிறகு, கட்டத்தில் மீன் வைக்கக் கூடாது என்று சொசைட்டிச் சுவரில் எழுதினார்கள். சட்னியை மூடி இல்லாத கிண்ணத்தில் வைக்கக் கூடாது என்று அதன் கீழே எழுதினார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் கட்டத்தைத் துடைப்பதென்றும், ஒரு வாரம் மேற்குத் தெரு, ஒரு வாரம் கிழக்குத் தெரு என்றும் முறை வைத்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் டப்பா வைத்துக்கொண்டு சண்டை போடுவது சிரமமாக இருந்தது. வேதாசலம் ஒருநாள் கிழக்குத் தெரு கோங்குராத் துவையலைத் தன் டப்பா என்று நினைத்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டார், அதிலிருந்து போர்டைப் பற்றிக் கிண்டல் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

அந்த ஊருக்கு ஸ்ரீ கங்கம்மா என்று ஒரு மினி பஸ் வரும், காலையில் ஒன்று, பிற்பகல் ஒன்று பத்துக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. கண்டக்டர் சலபதி. நகரிப் பக்கத்துத் தெலுங்குக்காரன், நாற்பத்தைந்து வயது, தங்கைகளின் கல்யாணத்துக்குப் பின்னால் தன் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் ஒரேயடியாக நின்றுபோனவன், டிக்கெட் கேட்பதற்கே கூச்சப்படும் சுபாவம். பள்ளிப்பட்டிலிருந்து வனஜாட்சிக்கு வரும் பேப்பர் ரோலை ஆறு வருஷமாக அவன்தான் இறக்கிக் கொடுக்கிறான், ஆறு வருஷமாக அவளிடம் அவன் பேசியது “மேடம், பார்சல்” என்ற இரண்டு வார்த்தை. பஸ்ஸில் அவன் சீட்டுக்கு மேலேயும் வனஜாட்சி அடித்த ஊர்ப் பெயர் ஒட்டியிருந்தது, அதிலும் ஒரு கட்டம்.

ஐப்பசி மழையில், முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்த ஒருநாள், வனஜாட்சி சாப்பாட்டை மறந்து வேலை செய்துகொண்டிருந்தாள். கடைச் சுவரில் மாட்டியிருந்த மாதிரிப் பலகையின் கட்டத்தில்தான் அவள் கத்தரிக்கோலை வைப்பது. எடுக்கக் கை விட்டபோது விரலில் சூடு பட்டது. பேப்பரில் சுற்றிய மிளகாய் பஜ்ஜி, இரண்டு. பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்ட் பஜ்ஜி, அந்தச் சோம்பு வாசனை வேறெந்தக் கடையிலும் வராது. மணி மூன்று, அந்நேரத்துக்கு ஸ்ரீ கங்கம்மா அங்கேதான் நிற்கும். அவள் ஒன்றும் கேட்கவில்லை, சாப்பிட்டாள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி இரண்டு. மூன்றாம் நாள் அவள் ஒரு கொய்யாவை நாலாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, வாழை இலையில் மடித்து வைத்தாள். அரை மணி கழித்துப் பார்த்தால் இலை மட்டும் இருந்தது, கழுவி மடித்து.

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு பிற்பகல், அவள் வைக்கப் போன நேரமும் அவன் எடுக்க வந்த நேரமும் ஒன்றாகிவிட, இரண்டு கையும் உள்ளே முட்டிக்கொண்டன. எடுத்துவிடலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. பஸ் பதினாறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வளைவில் திரும்புவது அவன் மணிக்கட்டின் சாய்விலிருந்து அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் மூன்றிலிருந்து மூன்றே கால் வரை வனஜாட்சி வலது கையைச் சுவருக்குள் விட்டுக்கொண்டு, இடது கையால் மௌஸ் பிடித்துக் கல்யாணப் பத்திரிகைகளை வடிவமைத்தாள். அந்தப் பத்திரிகைகள் எல்லாமே ரொம்ப நன்றாக வந்தன.

ஆனால் வெளியே ஒன்றும் மாறவில்லை. மறுநாள் பஸ் வந்து நிற்கும், சலபதி பேப்பர் ரோலை இறக்கி வைப்பான், அவள் முகத்தைப் பார்க்காமல் கதவு நிலையைப் பார்த்து, “மேடம், பார்சல்” என்பான். அவளும், “அங்க வைங்க” என்பாள். பஸ் போய்விடும்.

இப்படி ஆறு மாதம் ஓடிய பிறகு, ஒரு திங்கட்கிழமை மெயில் வந்தது. நம்பர் முறைப்படி அறிவித்தாகிவிட்டது, இதனுடன் எழுத்துரு ஃபைல் இணைத்திருக்கிறேன், நிறுவிக்கொள்ளுங்கள், உங்கள் ஊர்ப் பெயர் முழுசாக வரும், ஆசீர்வாதங்கள் என்று திருப்பதிப் பெரியவர் எழுதியிருந்தார். வனஜாட்சி மெயிலை மூடினாள். செவ்வாய்க்கிழமை திறந்து பார்த்து மூடினாள். புதன்கிழமை நாயுடு வந்து, “ஏதாவது சேதி உண்டா வனஜா?” என்று கேட்டபோது, “நெட்டு சரியா இல்ல நாயுடுகாரு” என்றாள். இருபது வருஷத்தில் அவள் கடையில் வெளியான முதல் பிழை அதுதான் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அன்று மூன்று மணிக்கு உள்ளே இருந்த கையைப் பிடித்தபோது கை நன்றாக இருந்தது, மனசு நன்றாக இல்லை. வியாழக்கிழமை மாலை டீச்சர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள்.

“நாலு நாளா மறைச்சிட்டேன் டீச்சர்.”

ஃபிலோமினா அவளை உட்கார வைத்தாள். “ஆயிரம் வருஷம் கல்லுல கிடந்த எழுத்துடி. நாலு நாள்ல அதுக்கு ஒண்ணும் ஆயிடாது. நாளைக்குச் சொசைட்டில ஊரைக் கூட்டுவோம்.”

காலைப் பால் அளந்து முடிந்ததும் கூட்டம் ஆரம்பித்தது. எழுத்து வந்தால் கட்டம் அடைந்துவிடும் என்பது எல்லாருக்கும் புரிந்தது. சக்குபாயம்மாதான் முதலில் பேசினாள்.

“எழுத்து வேணாம். இந்த மனுஷனுக்கு யார் மாத்திரை குடுக்கிறது?”

“நானே போட்டுக்குறேன்,” என்றார் நாயுடு, அவ்வளவு நம்பிக்கையில்லாமல்.

கிழக்குத் தெருவில் பாதிப் பேர் கட்டம் இருக்கட்டும் என்றார்கள். மேற்குத் தெருவிலும் பாதிப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். இத்தனை நாளில் இரண்டு தெருவும் ஒரே கருத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அப்போது டெய்லர் வேதாசலம் எழுந்தார், எல்லாரும் கிண்டல் வரப்போகிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டார்கள்.

“நேத்து பள்ளிப்பட்டுல ஒருத்தன் கேட்டான். உங்க ஊர்ப் பேருக்கு நடுவுல ஒண்ணும் இல்லையாமே, வெறும் ஓட்டையாமேன்னு. எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. அது தெலுங்குப் பேருதான், இருந்தாலும் எங்க ஊரு இல்லையா? அழுன்னு சொல்றதுக்கு எனக்கு உரிமை இருக்கு, அவனுக்கு இன்னா இருக்கு? எழுத்தைக் கொண்டாங்கய்யா.”

நாயுடு தொண்டையைச் செருமினார். “நல்லாத்தான் இருக்கு பெட்டி. அதுல எதை வேணா வைக்க முடியுது. ஊர்ப் பேரைத்தான் வைக்க முடியல.”

ஃபிலோமினா டீச்சர் திரும்பி, “வனஜா, நீ சொல்லு. உனக்குச் சம்மதமா?” என்று கேட்டாள். கூட்டம் முழுக்க வனஜாட்சியைப் பார்த்தது, பார்த்துவிட்டு ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தது. கம்ப்யூட்டர் தன்னிடம் இருப்பதால் கேட்கிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“எழுத்து வரட்டும் டீச்சர்,” என்றாள். “தெரிஞ்சே தப்பா அடிச்சுக்கிட்டு எத்தனை நாள் இருக்கிறது?”

அடுத்த வெள்ளிக்கிழமை, ராகு காலம் முடிந்து, பன்னிரண்டே கால் மணி என்று குறித்தார்கள்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவள் கட்டத்தில் ஒரு சீட்டு வைத்தாள். ‘நாளை 12.15க்கு எழுத்து வந்துவிடும். அதற்கு முன்னால் கையை எடுத்துவிடவும். அடிபடும்.’ இருபது வருஷம் ஊருக்கெல்லாம் வாசகம் எழுதிக் கொடுத்தவளுக்கு அதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. சீட்டை அந்தக் கை எடுத்துக்கொண்டது. பதில் சீட்டு வரவில்லை. மறுநாள் காலைப் பஸ்ஸில் வந்தவன், கதவு நிலையைப் பார்த்து, “மேடம், பார்சல்” என்றான். அவளுக்கு வந்த கோபத்தில் ரோலை உதைக்கலாம் போலிருந்தது. “வைச்சுட்டுப் போங்க” என்றாள். போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை பதினொன்றிலிருந்தே ஊர் கட்டத்தைக் காலி செய்தது. சாவிகள், மூக்குக் கண்ணாடிகள், நாலு பேருடைய டிபன் டப்பா, யாருடையது என்றே தெரியாத ஒற்றைக் கொலுசு எல்லாம் வெளியே வந்தன. நாயுடு கடைசியாக ஒரு மாத்திரையை நோண்டி எடுத்து, சடங்கு போல வாயில் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு பத்துக்கு வனஜாட்சி கடைக்குள் தனியாக உட்கார்ந்து, சுவருக்குள் வலது கையை விட்டாள். அந்தக் கை இருந்தது. அவள் இரண்டு தடவை அழுத்தினாள், அதுவும் இரண்டு தடவை அழுத்தியது. பிறகு யார் முதலில் விட்டார்கள் என்று தெரியாமல் விட்டார்கள். இடது கையால் மௌஸைச் சொடுக்கினாள்.

ஓசை ஒன்றும் கேட்கவில்லை. சுவரில், பஸ் நிறுத்தத்தில், சொசைட்டியில், பத்திரிகைகளில், லேபிள்களில், நாயுடுவின் சட்டைப் பைக்குள், எங்கெல்லாம் கட்டம் இருந்ததோ அங்கெல்லாம் ஓர் உருண்டையான எழுத்து, மை காயாத கருப்பில், நேற்றும் அங்கேயே இருந்ததைப் போல உட்கார்ந்திருந்தது. வெளியே சரவெடி வெடித்தார்கள். நாயுடு பலகைக்கு முன்னால் நின்று உரக்க வாசித்தார், “ஏளுகுண்ட!”

“ஏளு இல்ல நாயுடு, ஏழு,” என்று வேதாசலம் திருத்தினார், அவர் வாயிலும் அது ஏளு என்றுதான் வந்தது. ஃபிலோமினா டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு, நாக்கை மடித்துக் காட்டி, இரண்டு தெருவையும் ஒரே வரிசையில் நிற்க வைத்து ஏழு, ஏழு என்று சொல்லச் சொன்னாள். ஊரே குழறியது, ஊரே சிரித்தது. வனஜாட்சி உள்ளே உட்கார்ந்து அடைந்துபோன சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து அழகாகத்தான் இருந்தது. தொட்டால் சுவர்தான்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு ஸ்ரீ கங்கம்மா வந்து நின்றது. ஒன்று பத்துக்கு வர வேண்டிய பஸ். பள்ளிப்பட்டை விட்டுக் கிளம்பியதும் நடுவழியில் எங்கும் நிற்காமல், இறங்க வேண்டியவர்களையும் இறக்காமல் நேரே வந்திருந்தது, அதற்காக யாரும் கோபித்துக்கொண்டதாகவும் தெரியவில்லை. டிரைவர் ஏகாம்பரம் இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கையைக் கட்டிக்கொண்டு வசதியாக உட்கார்ந்தார். ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டன. சலபதி இறங்கி வந்து கடை வாசலில் நின்றான். கையில் பார்சல் இல்லை.

“மேடம்,” என்றான் கதவு நிலையைப் பார்த்து.

வனஜாட்சி எழுந்து வாசலுக்கு வந்தாள். “என்ன?”

“எழுத்து... எழுத்து சரியா வந்துச்சான்னு பாக்கலாம்னு...”

“வந்துச்சு.”

“ஆங். நல்லா உந்தி, நல்லா இருக்குது.”

அதோடு இருவரும் நின்றுவிட்டார்கள். சரவெடி முடிந்து, ஏழு சொல்லிக்கொண்டிருந்த வரிசையும் வாயை மூடிக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. பஸ்ஸுக்குள்ளிருந்து கீரைக்கட்டு வைத்திருந்த ஓர் அம்மாள் பொறுக்க முடியாமல் சத்தம் போட்டாள்.

“இன்னாய்யா மேடம் மேடம்னுகினு! ஆறு மாசமா உங்க ரெண்டு பேர் கையை ஒதுக்கி ஒதுக்கித்தான் நாங்க சாவி எடுத்தோம்!”

வனஜாட்சிக்குக் காது சுட்டது. அவள் கூட்டத்தைப் பார்த்தாள். சக்குபாயம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“எல்லாக் கட்டமும் ஒரே கட்டம்தானேடி,” என்றாள் ஃபிலோமினா டீச்சர். “மூணு மணியிலேர்ந்து மூணே கால் வரைக்கும் யாரும் கை விடாதீங்கன்னு சொசைட்டிச் சுவர்ல எழுதலாம்னாங்க. உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நான்தான் எழுத விடல. வாயாலேயே சொல்லிக்கிட்டோம்.”

“நான் ஒருநாள் அவசரத்துக்கு விட்டுட்டேன்,” என்றார் வேதாசலம். “இடிச்சிருந்தா மன்னிச்சிடு வனஜா.”

“அதுக்குத்தான் அன்னைக்கு உன் சம்மதம் கேட்டோம்,” என்றார் நாயுடு.

ஊர் முழுவதும் தன் வெட்கத்தைச் சுற்றிக் கையை வளைத்து வளைத்து ஆறு மாதம் நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் வனஜாட்சிக்கு அழுகை வரும் போலிருந்தது, ஆனால் வந்தது சிரிப்பு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. சலபதி அப்போதுதான் முதல் தடவையாகக் கதவு நிலையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

“வனஜாட்சி,” என்றான். ஒவ்வோர் எழுத்தையும் எண்ணி வைப்பது போலச் சொன்னான், பிழையில்லாமல் சொன்னான். “எங்க அக்கா நகரியிலதான் இருக்குது. உன்னைப் பாக்கணும்னு சொல்லுது. வர்றியா?”

“எப்போ?”

“இப்போ. பஸ் நிக்குதே.”

“சீக்கிரம் ஏறுங்கம்மா, எங்களுக்கும் ஊரு வீடு இருக்கு,” என்று ஏகாம்பரம் இஞ்சினைக் கிளப்பினார்.

கடைச் சாவி மேசையில் கிடந்தது. பூட்டிக்கொள்ளச் சொல்லி அதை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, வனஜாட்சி பஸ் படியண்டை வந்தாள். சலபதி முதலில் ஏறி, திரும்பி, கையை நீட்டினான். பட்டப்பகலில், நாற்பது பேர் பார்க்க, அவள் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். ஆறு மாதமாகத் தெரிந்த கைதான், ஆனால் வெளியே அது இவ்வளவு வேர்க்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.